தேஹாய் கல்யாணத்துக்குப் போன உங்கள் செயின்

"கல்யாணத்தன்னிக்குப் பாத்து சைக்கிள் செயினை அறுத்துட்டு நிக்கிறியே, தடிமாடு!"

"தேஞ்ச செயினுக்கு நாள் நட்சத்திரம் தெரியுமாம்மா?"

பக்கத்து வீட்டு மெங் அம்மாவும் மகன் தேஹாயும்தான். காலையிலேயே தெருவே கூடிவிட்டது! மதியம் பன்னிரண்டுக்குள் பெண் வராவிட்டால், மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணம் என்று நம் பாவோடிங் ஊரில் பேசுவார்களே! அதனால் அவன் போய்ப் பெண்ணை அழைத்துவர உங்கள் சைக்கிளின் புதுச் செயினைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். நேற்று நாம் போட்ட சண்டைக்குப் பழிவாங்கவில்லை, சத்தியமாக.

கதவுப் பலகைக்குக் குழந்தை வண்டிச் சக்கரம் பூட்டி, பெண்ணின் தையல் மெஷினை ஏற்றிவரத் தன் சைக்கிளுக்குப் பின்னால் கட்டியிருக்கிறான். என்ன மூளை!

சாவி அரிசிப் பானையில். விருந்துக்கு நடந்தே வாருங்கள்.

பி.கு.: விருந்துக்கு நாற்காலி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பதினொன்றே முக்காலுக்கு வந்துவிட்டார்கள்! சிவப்புக் கோட்டோடு மிதித்து வந்தது பெண் யூஃபென். பின்னால் பலகையில் தையல் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை. "இவரு மிதிச்சிருந்தா சாயங்காலம்தான் வந்திருப்போம், அத்தை!" என்றாள். கல்யாணம் முடிந்தது.