மாதா நீலமும் பதிமூன்று வோல்ட்டும்

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் பிறகு திருவிழாக் கூட்டம். செப்டம்பர் 6 தேர்ப்பவனிக்கு ஈப்போவிலிருந்து ஒலிபெருக்கி லாரி எடுக்கலாம் என்றார் குழுத் தலைவர் ராட்னி. போன வருஷம் ஜெனரேட்டர் போட்ட இரைச்சலில் நான் சொன்ன செபமாலை யாருக்கும் கேட்கவில்லையாம். “செபமாலையோட அஞ்சு ரகசியத்துல எத்தனாவதுல இருக்கீங்கன்னே தெரியல, பெட்ரீசியா அக்கா.”

திடீரென்று என் வீட்டுக்காரர் எழுந்தார். லாரி ஓட்டுவதை விட்ட இந்தப் பதினான்கு மாதத்தில் அந்தோணிமுத்து நாலு பேர் நடுவில் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. “லாரி எதுக்குலா? நம்ம வேன் இருக்கு. பாட்டுப் பெட்டி நான் வைக்கிறேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நம்ம வேனில் ரேடியோவே பாடாதே?

ஜூலை 19

ஆயிரத்தைந்நூறு வாட் ஆம்ப்ளிஃபையர், வயிறு பருத்த இரண்டு ஸ்பீக்கர். வேனின் பின்பக்கம் இனி ஒரு கட்டு கீரை வைக்க இடமில்லை.

சாயங்காலம் சோதனை. மாதா பாட்டு போட்டார். மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் முன்விளக்கு இரண்டும் கண்ணடித்தன. மூன்றாம் சரணத்தில் என்ஜினே நின்றுவிட்டது. எதிர்வீட்டு சன்னாசி அண்ணன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்ன அந்தோணி, மாதா பாட்டுக்கே மயக்கமா?” என்றார்.

இவர் சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூலை 22

மூன்று நாள் கைபேசியில் பார்த்துப் படித்ததில் புரிந்தது: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஓடும் வண்டியில் மின்சாரம் சம்பாதிப்பது ஆல்டர்னேட்டர். பேட்டரி வெறும் உண்டியல்.

வரவு 70 ஆம்பியர்.
செலவு: பாட்டு 1500 ÷ 12 = 125. விளக்கு, விசிறி, மற்றவை 30. ஆக 155.

ஆறாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் இருபத்தெட்டு வருஷம் குடும்பக் கணக்கு எழுதிய கை இது. வரவைப் போல இரண்டு பங்கு செலவழித்தால் எந்தக் குடும்பம் நிற்கும்? வேன் மட்டும் எப்படி ஓடும்? இதற்கு மூன்று நாள் வீடியோ தேவையே இல்லை.

ஆகஸ்ட் 2

சுங்கை சிப்புட், சீனி அண்ணன் பட்டறை. 160 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், புதுப் பேட்டரி, பெருவிரல் தடிமனில் வயர்கள். கேள்வியெல்லாம் நான் கேட்டேன். பதிலையெல்லாம் சீனி அண்ணன் இவரைப் பார்த்தே சொன்னார். கடைசியில் மெல்லக் கேட்டார்: “வீட்டுல இன்ஜினியராண்ணே?”

“இல்லலா. செபமாலைக் குழு.”

சிவப்பு வயரில் போகிற மின்சாரம் வேனின் இரும்பு உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புமாம். கறுப்பு வயரை அந்த உடம்போடு போல்ட் போட்டுச் சேர்க்கும் இடத்துக்கு எர்த் என்று பெயர். அதை மட்டும் வீட்டில் இவரே கட்டினார், வேனின் பின்தரையில்.

சீனி அண்ணன் என் கையில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் கொடுத்தார். “தெனமும் பாருங்கக்கா. பாட்டு ஓடுறப்ப ஆம்ப்ளிஃபையர்கிட்ட பதிமூணுக்குக் கீழ எறங்கக் கூடாது.” இந்த நோட்டிலேயே குறித்துவருவேன்.

ஆகஸ்ட் 3

13.8. இயேசுவுக்கு நன்றி.

ஆகஸ்ட் 5

13.8. இவர் காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறார். கோப்பியும் அவரே கலக்குகிறார். சீனி மட்டும் அதிகம். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7

13.8.

ஆகஸ்ட் 8

சன்னாசி அண்ணன் காரில் இவர் பத்து காஜா ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போயிருந்த நேரம், வேனின் பின்தரை முழுக்க மாதா நீலம் அடித்தேன். நேர்ச்சை. செய்வதைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் அல்லவா? கறுப்பு வயரின் போல்ட்டைக் கழற்றினேன். அதற்கு அடியில் மனிதர் சாயத்தைச் சுரண்டியிருந்ததில், வட்டமாக வெறும் தகரம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்து இரண்டு பூச்சு. காய்ந்ததும் இறுக்கி முடுக்கிவிட்டேன்.

வந்து பார்த்தார். “அழகா இருக்கு” என்றார். கல்யாணப் புடவைக்குக்கூட இப்படிச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 11

11.2. பாட்டு பாதியில் அறுந்துபோகிறது. ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு.

ஆகஸ்ட் 14

10.6. பேட்டரிப் பக்கம் 14.1 இருக்கிறது! மூன்றரை வோல்ட் வழியில் எங்கே போகிறது? யார் தின்கிறார்கள்?

நல்ல சண்டை. “நீங்கதான் எர்த்த ஒழுங்கா கட்டல. சீனி அண்ணன்கிட்ட விட்டிருக்கலாம்ல? எல்லாம் தனக்குத் தெரியும்னு நெனப்பு!” என்று கத்தினேன். அவர், “ராட்னிகிட்ட லாரிக்குச் சொல்லிரவா?” என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுப் போய் லாரியை விட்டதிலிருந்து உட்கார்ந்தே கிடந்த அதே பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

எருமை மாடு! எருமை மாட்டுக்குக்கூட ரெண்டு தடவ சொன்னா ஏறும். வாயால் சொல்லவில்லை. இங்கே எழுதினேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15

மாதா விண்ணேற்புப் பூசை. இவர் வரவில்லை. கோயில் வாசலில் ராட்னி: “லாரிக்காரன் மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்குறான்க்கா. அண்ணன் மனசு நோகக் கூடாதுன்னுதான் பாக்குறேன்.”

பொறுங்கள் என்றேன். எதை நம்பிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 18

நோட்டைப் புரட்டினேன். 3: 13.8. 5: 13.8. 7: 13.8. எட்டாம் தேதி பெயிண்ட். 11: 11.2.

ஐயோ. சேசுவே.

நானா?

சீனி அண்ணனுக்குப் போன் போட்டேன்.  “அக்கா, பெயிண்ட்டு மேல எர்த் கட்டுனா கரண்ட் எப்படிப் போவும்? மாத்திரைய கவரோட முழுங்குன மாதிரிலா!”

ஆகஸ்ட் 19

மத்தியானம் இவர் தூங்கும் நேரம் பார்த்து, மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, போல்ட்டுக்கு அடியில் ஐம்பது காசு அகலத்துக்கு உப்புத்தாள் தேய்த்தேன். 13.9.

பாட்டுச் சத்தம் கேட்டு ஓடிவந்தார். கைலி பாதி அவிழ்ந்திருந்தது. “என்ன செஞ்ச?”

“துரு புடிச்சிருந்துச்சு. சுரண்டிட்டேன்.”

போல்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் விரல் நகமெல்லாம் நீலம். “ம். மழதான் காரணம்” என்றார்.

மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை.

ஆகஸ்ட் 23

பாவசங்கீர்த்தனம். பொய் சொன்னேன் ஃபாதர் என்றேன். என்ன பொய் என்றார். துரு என்று சொன்னேன் என்றேன். “எது துரு?” என்றார். ஆம்பியரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. எனக்குப் பின்னால் வரிசை வாசற்படி வரை போய்விட்டது.

பரிகாரம்: மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ செபம், பிறகு வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்வது. மூன்றையும் அங்கேயே முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

பவனி. தோட்டத்துச் சிற்றாலயத்திலிருந்து பெரிய ரோடு வரை, சுற்றி வர இரண்டு கிலோமீட்டர். இவர் ஓட்ட, பக்கத்தில் நான். ஒரு கையில் செபமாலை, ஒரு கையில் மைக், மடியில் மீட்டர்.

ஒன்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வண்டி ஊர்ந்தால் ஆல்டர்னேட்டரின் வரவும் குறையும். நான்காம் ரகசியத்தில் 13.3. 13.1. மாதா சுரூபம் பின்னால் வருகிறது, நானூறு பேர் வருகிறார்கள், ராட்னி பக்கத்திலேயே நடந்து வருகிறார். இவர் நெற்றியில் வியர்வை. எனக்கு மைக் ஞாபகமே இல்லை. “பதிமூணு வந்துருச்சு, கொஞ்சம் எண்ணெய மிதிங்க!” என்றுவிட்டேன்.

நானூறு பேரும் ஒரே குரலில் “ஆமென்” என்றார்கள்.

இவர் கிளட்சை அழுத்திக்கொண்டு எண்ணெயை, அதான் ஆக்ஸிலேட்டரை, மிதித்தார். 13.7. அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

முடிந்ததும் ராட்னி இவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சுண்ணே. பதிமூணு கூட கேட்டுச்சு. அடுத்த வருஷமும் நம்ம வேன்தான், போலே? முடியும்ல?”

“பாப்போம்லா” என்றார் இவர். முகம் என்னவோ இப்போதே கிளம்பத் தயாராக இருந்தது.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். இன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வெளியே போனேன். வேனைக் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். சுருதி இல்லை. நாளைக்குச் சொல்லலாம்.

செப்டம்பர் 9

நாளைக்கு.

செப்டம்பர் 11

பாசாரிலிருந்து காய்கறியோடு வந்தால், அலமாரியில் வைத்த இந்த நோட்டு மேசை மேல் திறந்து கிடக்கிறது. இன்றைய தேதி போட்டு, கட்டம் கட்டமாக, என் கையெழுத்து அல்ல:

13.9. துரு இல்ல, பெயிண்ட். ஒன் நகத்தப் பாத்த அன்னிக்கே தெரியும்.
இப்படிக்கு, எருமை மாடு.