இறக்கத்தில் நியூட்ரல்

பதிவு 41 — 07:10
சனியின் நிலவு, டைட்டன். நான் கோமதிநாயகம், நிலவியலாளன். பழைய விண்கலத்திலிருந்து பம்பைக் கழற்றியாயிற்று, நிலையத்துக்குத் திரும்புகிறேன். அங்கே ஆக்சிஜன் இயந்திரத்தின் பம்பு பழுது. காத்திருப்பவள் எஞ்சினியர் பெர்னதெத். இந்த உலகத்தில் மனிதர்கள் நாங்கள் இருவர்தான்.
வண்டிக்கு எரிபொருளான மீத்தேனுக்குப் பஞ்சமில்லை, வெளிக்காற்றிலேயே இருக்கிறது. ஆக்சிஜனைத்தான் சுமக்க வேண்டும். எஞ்சினுக்கும் ஹீட்டருக்கும் எனக்கும் ஒரே தொட்டி.

பதிவு 42 — 11:30
நீண்ட இறக்கம். ஊரில் எல்லோரும் செய்வதுபோல் நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன். சமவெளியில் திராட்டிலை, அதாவது எஞ்சினின் காற்று வழியை, கால்வாசிதான் திறந்து சின்ன கியரில் பதமாக ஓட்டுகிறேன். சிக்கனத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.
மலை மறைப்பதால் ரேடியோ இல்லை. எஞ்சினோடு பேசிக்கொண்டு வருகிறேன். அது பதில் சொல்வதில்லை, நல்லவேளை.

பதிவு 43 — 15:05
தொட்டியில் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. ரேடியோ கிடைத்தது. ஓட்டிய விதத்தைச் சொன்னேன். பெர்னதெத்:
"நியூட்ரல்ல போட்டியளா அண்ணாச்சி? கியர்லயே விட்டுக் கால எடுத்தா கம்ப்யூட்டர் ஆக்சிஜன சுத்தமா நிறுத்திரும். நியூட்ரல்ல எஞ்சின் அணையாம இருக்கக் குடிச்சிக்கிட்டேல்லா இருக்கும். திராட்டில ஒடுக்கினா காத்த உறிஞ்சவே அதுக்குத் தெம்பு போயிரும். பெரிய கியர் போட்டு, நல்லாத் தொறந்து, மெதுவாச் சுத்த விடுங்க."
பிறகு கேட்டாள்: "ஹீட்டருக்கும் போதும்லா?"
போதும் என்றேன்.

பதிவு 44 — 16:40
அவள் சொன்னபடி ஓட்டுகிறேன். செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. என் மேலேயே எரிச்சலாக வருகிறது.
திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். மிச்சம் இருப்பது நிலையம் வரை எஞ்சினுக்கும் என் மூச்சுக்கும் காணும். ஹீட்டருக்குக் காணாது. எஞ்சின் சூடு சக்கரங்கள் இறுகாமல் காக்கவே சரியாகப் போகிறது. வண்டியை நிறுத்திவிட்டால் நான் இரண்டு நாள் கதகதப்பாக இருக்கலாம். அவளுக்குப் பம்பு இல்லாமல் நாளை வரைதான் காற்று. வேறு வண்டியும் கிடையாது.
பயமாக இருக்கிறது.

பதிவு 45 — 19:20
ஹீட்டரை அணைத்துவிட்டேன். விரல்கள் எழுத்தைத் தேடித்தேடி அடிக்கின்றன. வண்டி வந்த தடத்தைப் பிடித்துத் தானே போய்விடும்.
யாராவது குரல் கொடுத்தால் நன்றாக இருக்கும். ரேடியோவைத் திறந்தால் என் பல் தந்தியடிப்பது அவளுக்குக் கேட்டுவிடும். ஹீட்டரைப் போடச் சொல்வாள். போட்டுவிடுவேன். அதனால் திறக்கவில்லை.

பதிவு 46
பெர்னதெத், பம்பு பின்கதவுப் பக்கம். முன் இருக்கைப் பக்கம் வர வேண்டாம் தங்கச்சி. முதலில் அதை மாட்டு.
நிலைய விளக்கு தெரிகிற மாதிரி இருக்கிறது. கடைசி இறக்கம். நியூட்ரலில் போடவில்லை. கியரில்தான் விட்டி