பாதி விலைக் காலைக் காட்சி

மார்ச் 4, திங்கள்

அண்ணியோடு இன்றைக்கும் சண்டை. காலைக் காட்சிக்குப் பாதி விலை என்று போர்டு மாட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தியேட்டர் அவருடையதுதான், நான் வெறும் மேனேஜர்தான். அதற்காக? "வசூல் படுத்துடும் அண்ணி" என்றேன். "காலி நாற்காலிக்கு முழு விலை போட்டு என்ன பண்றது தம்பி?" என்றார்.

எப்படியோ போகட்டும்.

மார்ச் 6, புதன்

காலைக் காட்சி நிறைந்துவிட்டது! இரவு வேலை முடித்த நர்சுகள், கட்டட வேலை ஆட்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த அம்மாக்கள். இத்தனை நாள் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்? இத்தனைக்கும் சின்னப் படம், டைரக்டர் ஒரு பெண், அவளுக்கு இதுதான் முதல் படம், ஊரில் எங்களிடம் மட்டும்தான் ஓடுகிறது. அண்ணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தலைகால் புரியாது அவருக்கு.

மார்ச் 11, திங்கள்

பத்திரிகையில் ஊர் வசூல் பட்டியல் வந்திருக்கிறது. முதலிடம் மாலில் ஓடும் பெரிய ஹீரோ படம். டிக்கெட் விலை எங்கள் முழு விலையைப்போல் மூன்று மடங்கு, அரங்கில் பாதி காற்று வாங்குகிறது. நம் படம் ஏழாவது. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

டைரக்டர் பெண் ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். "தயாரிப்பாளர் என் அடுத்த படத்த நிறுத்திட்டார் சார். பட்டியல்ல கடைசியா வந்த பொண்ணுக்கு எதுக்கு இன்னொரு படம்னு கேட்டார்." விலையைப் பாதியாக்கி வசூலைக் குறைத்தது நாங்கள்தானே?

அண்ணி மட்டும் கலங்கவில்லை. "உங்க தயாரிப்பாளர ஒருநாள் காலைல இங்க வரச் சொல்லும்மா. பட்டியல வீட்டுலயே வச்சுட்டு வரட்டும். அதுல இருக்குறது பணக் கணக்கு, ஆள் கணக்கு இல்ல."

மார்ச் 13, புதன்

தயாரிப்பாளர் வந்தார். அண்ணி காபிகூடக் கொடுக்காமல் நேரே வெளிவாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். படம் முடிந்து கதவு திறந்ததும், கூட்டம் அவரைப் படிக்கட்டுவரை தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒரு செருப்பைக் காணோம்.

ஒரு நர்சை நிறுத்திப் படம் எப்படி என்று கேட்டார். "மூணாவது தடவையா பாக்குறேன். மால் விலைன்னா ஒரு தடவைக்கே யோசிச்சிருப்பேன்."

விடுவாரா மனிதர்? "பாத்தீங்களா, டிக்கெட்டும் ஆள் கணக்கு இல்ல. ஒரே ஆள், மூணு டிக்கெட்." நியாயமான பேச்சுதான்.

"மூணு தடவையும் தானாதான வந்தாங்க?" என்றார் அண்ணி. "அங்க ஒரு சீட்டு விலைக்கு இங்க ஆறு சீட்டு நிறையுது. நாளைக்கு இந்தப் பொண்ணு பேரப் பாத்து வரப்போறது யாரு? நீங்களே சொல்லுங்க."

தயாரிப்பாளர் ஒற்றைச் செருப்போடு காரில் ஏறிப் போய்விட்டார்.

என்ன மனுஷி இவர்! இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

மார்ச் 15, வெள்ளி

தயாரிப்பாளரிடமிருந்து பதில் இல்லை. அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்கிறார்.

ஏப்ரல் 8, திங்கள்

வாசலில் பார்த்த கூட்டம் தயாரிப்பாளர் மனசை மாற்றிவிட்டதாம். டைரக்டர் பெண் இரண்டாவது படத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சம்பளம் ஏறவில்லை. அவள் கேட்கவுமில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: படம் ஓடும் எல்லாத் தியேட்டரிலும் காலைக் காட்சிக்குப் பாதி விலை. தயாரிப்பாளர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாராம். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அண்ணியும்தான்.

மத்தியானத்திலிருந்து மற்ற தியேட்டர் மேனேஜர்கள் வரிசையாகப் போனில் திட்டுகிறார்கள். "யோவ், இந்த வியாதியக் கிளப்பிவிட்டது உங்க அண்ணிதான?"

"ஆமா," என்றேன். "எங்க அண்ணிதான்."