மீன் தொட்டியில் தெரிந்த முகம்

அன்பின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம், கொஞ்சம் அலுப்புத்தான். போனில் கதைத்தால் அழுகை வரும் என்பதால், கட்டாரிலிருந்து ஊருக்கு வரும் என் அறைத்தோழி அப்ராவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கண்ணூறு படும் என்று பயந்து, என் மகள் இஸ்ராவின் படம் கேட்டால் மீன் தொட்டியை எடுத்து அனுப்புகிறீர்கள். நேற்று அதையே பார்த்திருந்து கையில் தேநீரை ஊற்றிக்கொண்டேன். சின்னக் கொப்புளம்தான். "என்னகா, மீனப் பாத்தா அழுறாய்?" என்று அப்ரா சிரித்தாள்.

"கண்ணாடிதான் மினுங்குது, மீன் வெளங்குதில்ல மகள்" என்றீர்களே. ஃப்ளாஷை நிறுத்தி, அறை லைட்டை அணைத்து, போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் மீன் மட்டும் துலக்கமாக விழும்.

ஆனால் அப்படி எடுக்க வேண்டாம், உம்மா. போன கிழமைப் படத்தில், மீன்களுக்கு மேலே, உங்களுக்குப் பின்னால் நின்ற இஸ்ராவின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. சிரிக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அப்ரா பெட்டியைப் பூட்டப்போகிறாள். லைட் எரியட்டும், இஸ்ராவும் பக்கத்தில் நிற்கட்டும். நீங்கள் எடுப்பது மீனைத்தானே, கண்ணூறு படாது.

உங்கள் மகள்,
சுமையா