பூண்டு வாசனை

அன்புள்ள லிதியா,

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் செமிசியின் சொந்தங்கள் ஊர் வழக்கப்படி திமிங்கிலப் பல்லோடு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வருகிறார்கள். நீ அதைக் கையில் வாங்கிவிட்டால் மன்னித்துவிட்டாய் என்று பேச்சு முடிந்துபோகும். அதற்கு முன் இதைப் படித்துவிடு.

வகுப்பில் வாசனை பரவுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் ஒரு மூலையில் நின்று ஆரஞ்சு உரிப்பேன். வாசனை வந்த பிள்ளைகள் கை தூக்க வேண்டும். தூக்காத பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கும். வாசனை அங்கேயும்தான் இருக்கும்.

மாவு மில்லில் கோதுமைப் பூச்சி சாக விஷவாயு போடுவார்கள். அதை அளக்கும் கருவி பழுதான நாளிலிருந்து செமிசிதான் கிடங்குக் கதவைத் திறந்து மோந்து பார்ப்பார். அந்த வாயுவின் பூண்டு நாற்றம் இல்லையென்றால் ஆட்கள் உள்ளே போவார்கள்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் மரவள்ளி அடிபிடித்து வீடே நாறியது. அவர் அடுப்பருகில் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"கருகுற நாத்தம் தெரியலையா உங்களுக்கு?"

"உன் சமையல்தானேன்னு சும்மா இருந்தேன்," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "காய்ச்சல் வந்ததிலேருந்து மூக்கு செத்துப்போச்சு. மில்லுல சொல்லிடாதே, வேலையை விட்டுத் தூக்கிருவாங்க."

நான் சொல்லவில்லை. அதிலிருந்து மூன்றாம் வாரம் அவர் கிடங்குக் கதவைத் திறந்து, "ஒண்ணுமில்ல, போ," என்றார். உன் வீட்டுக்காரர் அப்பெனிசா உள்ளே போனார்.

அடக்கத்தன்று நீ கேட்டாய், "அத்தான் மோந்து பாத்தாராக்கா?"

"பாத்தாரு," என்றேன்.

இப்போது செமிசி தினமும் பூண்டை நசுக்கி மூக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீடெல்லாம் அந்த வாசனை. எனக்கு மட்டும் வருகிறது.

எதை மன்னிக்கிறாய் என்று தெரிந்துகொண்டு அந்தப் பல்லைத் தொடு. தொடாமலும் இருக்கலாம்.

உன் அக்கா