கிருமிகளுக்கு விழுந்த வழுக்கை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம், என் வலது கண்ணும் சுகம். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை நீ பயப்படாமல் படிப்பாய் என்பது உன் அம்மாவின் உத்தரவு.

போனிலேயே சொல்லியிருப்பேன். நான் நல்ல கட்டத்துக்கு வரும்போதெல்லாம் அவள் போனைப் பிடுங்கி, குழந்தை பால் குடித்ததா என்று ஆரம்பித்துவிடுகிறாள். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கத்தரி பிடிக்கிற கை.

கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது என்றுதானே உன்னிடம் சொன்னோம். அந்தக் ‘கொஞ்சம்’ உன் அம்மா சேர்த்தது. காலையில் பீளை ஒட்டி இமையே திறக்காது. சலூனுக்கு வந்தவர்கள் என் கண்ணைப் பார்த்தார்கள், கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்கள், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று கிளம்பிவிட்டார்கள். சும்மாவும் போகவில்லை, ஆளுக்கொரு சொட்டு மருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் எல்லாவற்றையும் வாங்கி விட்டுக்கொண்டேன். போதாததற்கு உன் அம்மாவின் கண் ஆபரேஷனில் மிச்சமானதையும் விட்டேன்.

‘கண்ணு சரியாகாம குழந்தைகிட்ட வராதீங்கப்பா’ என்று நீ சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனேன். கருவிழி ஓரத்தில் வெள்ளையாக ஒரு புண் இருக்கிறது, நடுவுக்கு நகர்ந்தால் பார்வை போய்விடும் என்றார். கைக்குழந்தைக்காரியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம் வலது கண்ணை மூடிக்கொண்டு எனக்கு நானே சவரம் செய்து பார்த்தேன். தாடையெல்லாம் வெட்டு. உன் அம்மா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

டாக்டர் புண்ணிலிருந்து துளி சுரண்டி லேபுக்கு அனுப்பினார். அங்கே அதைத் தட்டில் தடவிக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்களாம். அதில் ஒன்றுமே வளரவில்லை. கிருமியே இல்லை போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். லேபில் இருந்த பெண், உன் வயதுதான் இருக்கும், வருவதற்கு முன் கண்ணுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். டாக்டர் முன்னால் அழுக்கோடு உட்கார முடியுமா, வெந்நீரில் துடைத்து, இருந்த சொட்டையெல்லாம் ஒரு சுற்று விட்டுக்கொண்டுதான் வந்தேன் என்றேன் பெருமையாக. ‘அய்யா, நாங்க கிருமியப் பிடிக்கணும்னு பாக்கறோம். நீங்க அதுக்கு மயக்க மருந்து குடுத்துல்ல கூட்டிட்டு வந்திருக்கீங்க’ என்றாள். முடிவெட்ட வரும்போது தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வருகிறவர்களை நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன். எல்லாம் வட்டியோடு திரும்பியது.

ஒரு நாள் முழுக்கக் கண்ணில் ஒரு சொட்டும் விடாமல் இருந்து, மறுபடி சுரண்டக் கொடுத்தேன். இந்தத் தடவை நன்றாக வளர்ந்தது. நான் கெஞ்சிய கெஞ்சலில் அந்தப் பெண் மூடியைத் திறக்காமல் தட்டைக் காட்டினாள். தட்டு முழுக்க வெள்ளைப் படலம், அதுதான் என் கண்ணில் குடியிருந்த கூட்டம். அதன்மேல் அங்கங்கே சின்னக் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராதாம். தலைகளையே பார்த்துக் காலம் தள்ளுகிறவனுக்கு இதற்கு விளக்கமா வேண்டும்? வழுக்கை. சலூனில் சத்தியம் செய்து சொன்ன மருந்துகளின் ஓரம் வரை புதர் மாதிரி வளர்ந்திருந்தது. உன் அம்மாவின் மிச்ச மருந்தும் அப்படித்தான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு வில்லைகளைச் சுற்றி மட்டும் பளபளவென்று வழுக்கை. பெரியதைக் காட்டி இதுதானே என்றேன். ஒவ்வொரு மருந்துக்கும் விழ வேண்டிய வழுக்கையின் அளவு வேறு, அளந்துதான் சொல்ல முடியும் என்றாள். அளந்தாள். சின்ன வழுக்கை ஜெயித்தது.

அந்த மருந்தை உன் அம்மா மணிக்கொரு தரம் விட்டாள். நான் தூங்கினாலும் இமையைப் பிரித்து விட்டாள். நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, ஓரத்தில் கடுகளவு தழும்பு நிற்கும், பார்வைக்குக் குறுக்கே வராது என்றார். பேத்தியைத் தூக்கலாமா என்று கேட்டேன். ‘கையக் கழுவிட்டு தாராளமா தூக்குங்க’ என்றார். வெளியே வந்ததும் உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை. கண்ணைக் கசக்கக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் வந்து சேரும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால், திட்டுகிறவர்கள் திட்டட்டும், ஒரே ஒரு தடவை எழுப்பிவிடும்மா. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பதை நான் இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கையைக் கழுவிக்கொண்டு காத்திருக்கும்
உன் அப்பா