வால்நட்சத்திரத்துக்கு நான் வைத்த திருநீறு

மாப்ளே,

இன்று காலை காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் திருநீறு மூக்கில் ஏறி நான் போட்ட தும்மலில், சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற வண்டியெல்லாம் தானாகவே கிளம்பியிருக்கும். "இந்த வருஷம் அவரு படத்துக்கு நீயே பூசுண்ணா" என்று பொட்டலத்தை நீட்டினாள் என் தங்கச்சி. நானா? திருநீற்றோடு உன் பக்கமா?

ஊரே கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்கு ஓடிய காலத்தில், நீ மட்டும் வால்நட்சத்திரத்தைத் தேடிப் போனாய்.

"அது அழுக்கு ஐஸ் கட்டி மச்சான். வெயில் பட்டா வாயுவும் தூசியும் கக்கிக்கினே ஓடும். அதோட புற ஊதா ஒளியை நம்ம காத்து முழுங்கிடுது. அதனால டெலஸ்கோப்பை ராக்கெட்ல ஏத்திக் காத்துக்கு மேல அனுப்புறோம். அஞ்சே நிமிஷம் பாத்துட்டு எறங்கிடும்."

"அஞ்சு நிமிஷத்துக்கா ஏழு வருஷம் ஒழைச்ச? பங்காருபாளையம் மாங்கா மண்டியில அதுக்குள்ள ஒரு தோப்பையே வித்துடுவேன்!"

புது ஸ்கூட்டரையே காணிப்பாக்கத்தில் பூசை போடாமல் கிளப்பாத ஜில்லா நம்முடையது. ராக்கெட்டைச் சும்மா விடுவேனா? ராக்கெட் விடுவதற்காக நீ திருப்பதியில் ரயிலேறுமுன், உன் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் துணிக்கடியில் ஒரு பொட்டலம் சொருகினேன்.

ஒரு மாதம் கழித்து எஸ்டிடி பூத்துக்கு உன் போன்.

"மச்சான், கூட்டுல இன்னா வெச்ச?"

"விநாயகர் திருநீறு. ஏன், ராக்கெட் நிலாவைத் தாண்டிடுச்சா?"

"கண்ணாடி தொடைக்கத் துணிய எடுத்தேன். அத்தினியும் டெலஸ்கோப் மேல கொட்டிடுச்சு. கழட்டிக் கழுவிக்கினு கீறோம். வால்நட்சத்திரம் தூரமாப் போய்க்கினே கீது. இத்த வுட்டா ஏழு வருஷமும் போச்சு மச்சான்."

அடுத்த நாலு நாளும் மூன்று வேளை மட்டுமே சாப்பிட்டேன் என்றால் என் துயரம் உனக்கே புரியும்.

ஐந்தாம் நாள் மறுபடி போன். "பாத்துடுச்சு மச்சான்! வாயு, தூசி, எல்லாம் சுத்தமா வந்துச்சு."

"தூசி என்னுது இல்லியே?"

நீ சிரித்த சிரிப்புக்கு அந்த பூத்தே ஆடியது. "யாரு வெச்சதுன்னு எங்க தலைவர் கேட்டாரு. எங்க ஊரு பாதுகாப்பு அதிகாரின்னு சொல்லிட்டேன்."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை நீ. கடைசி வரை இல்லை. இனி திட்டவும் முடியாது.

"சீக்கிரம்ண்ணா" என்றாள் தங்கச்சி. கையை இரண்டு தரம் கழுவித் துடைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உன் படத்தின் மரச்சட்டத்தில் மட்டும் மூன்று கோடு இழுத்தேன்.

கண்ணாடியில் ஒரு துகள் படவில்லை, மாப்ளே.